அடுத்த வண்டியின் பிரேக்

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். நான் எங்கும் ஓடப் போவதில்லை. மலையிலிருந்து நானாகத்தான் இறங்கி வந்தேன். பஸ் இருந்தும் நடந்தே வந்தேன். எழுபது வளைவுகளுக்கும் குறுக்கே எங்கள் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் வந்தால் ரோடு அதிகம் கண்ணில் படாது.

என் பெயர் மாதன். ஊர் அரியூர் நாடு. ரோட்டுக் கூலி. அடிவாரத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்திரண்டாவது வளைவிலிருந்து முப்பதாவது வளைவு வரைக்கும் சாக்கடை தோண்டுவது, சரிந்து விழும் கல்லை ஒதுக்குவது, ஓரக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என் வேலை.

நசீர் அகமது பாயின் கார் முப்பத்திரண்டாவது வளைவில் விழுந்ததைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நாற்பது நாளைக்கு முன்னால் விழுந்தது. விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவிட்டீர்கள். ஓட்டியவர் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியதால் சூடேறிப் பிடிக்காமல் போனது என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறாராம். அதாவது அவருக்கு மலையில் ஓட்டத் தெரியவில்லை என்று. அது தப்பு. என் கண்ணுக்குத் தெரிந்து அவரைப்போல அந்த ரோட்டில் ஓட்டியவர் யாரும் இல்லை. அந்த வரியைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

நீங்கள் அந்தக் காரை நசுங்கிய பிறகுதான் பார்த்தீர்கள். முழுசாக இருந்தபோது பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கூரை கிடையாது, மழைக்கு ஒரு கித்தான். பச்சை நிறம். மலைமேல் செம்மேட்டுச் சந்தையில் பொம்பளைகள் அதற்கு வெட்டுக்கிளி என்று பேர் வைத்தார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நசீர் பாயின் அத்தா சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி. மகன் இதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, ஒரு பலாப்பழம்கூட ஏற்ற முடியாத வண்டி எதுக்கு என்று கேட்டாராம். ஏத்தலாமே அத்தா, மடியில வெச்சுக்கலாம் என்றாராம் இவர். எட்டு நாள் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாரும் அது பணக்காரர் வண்டி என்று நினைத்தார்கள். இல்லை. அதன் ஊரில் வேகத்துக்கென்று செய்த வண்டிகளிலேயே மலிவானது அதுதான். அங்கே பள்ளிக்கூட வாத்தியாரும் தபால்காரரும் அதை வாங்கி ஓட்டுகிறார்களாம். பாய் இதைச் சொன்னபோது நான் அள்ளிய மண்ணைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வேகமான பொருள் ஒன்றை எங்களைப் போன்றவர்களையும் மனசில் வைத்து ஒருத்தன் செய்வான் என்று அதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பழக்கம் எப்படி வந்தது என்றால், முதல் தடவை அவர் மலையேறியபோது நாற்பதாவது வளைவில் தண்ணீர் கொதித்து வண்டி நின்றது. அவர் உடனே மூடியைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ரோடு போட்ட காலத்தில் ரோலர்காரனோடு நான்கு வருஷம் கிடந்தவன் நான். கொதிக்கிற இரும்பு எனக்குத் தெரியும். ஆறட்டும் என்று இரண்டு பேரும் ஓரக்கல்லில் உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரத்தில் அவர் அந்தக் காரைப் பற்றி எனக்குச் சொன்னது போல, ஒருத்தர் எதைப் பற்றியும் என்னிடம் சொன்னது கிடையாது. வேலைக்காரனிடம் பேசுகிற பேச்சு இல்லை அது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் மிளகு பிடிக்க லாரி வரும், அதற்கு முன்னால் அவர் காரில் வருவார். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவர் படித்துத் தமிழில் சொல்வார், நான் செய்வேன். புத்தகம் அவர் வாயில், ஸ்பேனர் என் கையில். மூன்று வருஷத்தில் அந்தக் காரில் நான் கழற்றிப் பூட்டாத மரை ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் திரும்பும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பேன். அடிவாரம் வரைக்கும் போய், லாரி ஏதாவது ஏறினால் தொற்றிக்கொண்டு வருவேன், இல்லையென்றால் நடப்பேன். நடப்பது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

எங்கள் ஆசையெல்லாம் அடுத்த வண்டியின் மேல்தான். சீமையிலிருந்து அவருக்கு மோட்டார் பத்திரிகை வரும், மூன்று மாசம் பழசாக. அதே கம்பெனி இதே காரைத் திருத்திப் புதுசாகச் செய்யப் போகிறது என்று ஒரு பத்திரிகையில் நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியை வைத்து இரண்டு வருஷம் பேசினோம். கதவுக்குக் கண்ணாடி வருமா, பின்னால் சாமான் வைக்க மூடி வருமா, எஞ்சின் பெரிசாகுமா. படத்தில் மூக்கு மாறியிருக்கிறது என்பார் அவர். மூக்கை ஏன் தொடுகிறான், மூக்கில் ஒரு குறையும் இல்லையே என்பேன் நான். கடப்பாரை வைக்க ஒரு இடம் வேண்டும் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதை வைத்து ஒரு வருஷம் கேலி செய்தார். பாகங்களைக் கொண்டுவந்து புதுசை மதராசிலேயே பூட்டுவார்கள், அப்போது பஸ் டிரைவர்கூட வாங்குகிற விலைக்கு வரும் என்று சொல்வார்.

"புதுசு வந்தா இது உனக்குத்தான் மாதா. லைசென்ஸ எடுத்து வெச்சுக்க."

நான் அதை நம்பவில்லை. நம்பாமலே ராசிபுரம் போய் லைசென்ஸுக்குப் போட்டோ எடுத்தேன். என் சம்சாரம் மயிலம்மாள் அந்தப் போட்டோவைப் பார்த்து, மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்கறாரு, காருக்குப் பரியம் பேசியாச்சா என்று கேட்டாள்.

அந்தக் காரில் குறை ஒன்றே ஒன்றுதான். பிரேக். சமவெளியில் குறையே தெரியாது. இறக்கத்தில் இருபது வளைவு தாண்டினால் சக்கரத்துக்குள் பறை மாதிரி இருக்கும் பிரேக் டிரம் சூடேறும், பிடி தளரும், மிதித்தால் கால் கீழே போகும். கியரை இறக்கி, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆற வைத்துத்தான் போவோம். பாய் இதைக் கம்பெனிக்கு எழுதினார். ஒன்றல்ல, பதினொரு கடிதம். எந்த வளைவில் சூடேறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். அடுத்த வண்டியில் இதை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று எழுதினார். பதில் வரவில்லை.

பதில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

ரோடு வெட்டும்போது நாற்பத்துநான்காவது வளைவில் ஓரம் சரிந்து மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருத்தர் என் அப்பா நல்லமுத்து. ஆறாம் நாள் என் அம்மா அதே இடத்தில் ஜல்லிக்கூடை சுமந்தாள். அந்த வளைவுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். கான்ட்ராக்டருடைய ஆள் பார்க்கலாம் என்றான். நான்கு மாசம் பார்த்தான். அப்புறம் சின்ன வயசு ஓவர்சியர் ஒருத்தருடைய ஜீப் அதே இடத்தில் விழுந்தது. ஒன்பதாம் நாள் சுவர் முடிந்துவிட்டது. அதற்குக் கல் எடுத்துக் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு சுவர் இல்லாத வளைவில் கஞ்சி குடிக்க உட்காரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் ஒரு பேச்சுப் பேசுவார்கள். "இதுக்கு இன்னும் பெரிய ஆளு விழுகல." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிப்புக்காகச் சொன்னாலும் அது சட்டம் மாதிரி. அந்த ரோட்டில் எத்தனை சுவர் இருக்கிறதோ அத்தனைக்கும் அது பொருந்தும். பொருந்தாத சுவர் ஒன்றை நீங்கள் காட்டினால் நான் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ரோட்டுக்கு ஒரு சட்டம், காருக்கு ஒரு சட்டம் என்று எப்படி இருக்க முடியும்? செய்கிறவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடிதம் வந்தால் பார்க்கலாம் என்பான். ஆள் விழுந்தால் செய்வான்.

நீயே விழுந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நானும் யோசித்தேன். மூன்று கூலி விழுந்து வராத சுவர், நான் ஒருத்தன் விழுந்தால் சீமையில் பிரேக்காக மாறுமா? மாதன் செத்தான் என்று யாருக்கு யார் எழுதுவார்கள்? விழுகிறவர் வண்டிக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். கடிதம் எழுதியவரே அந்தப் பிரேக்கால் போனார் என்றால், அந்தப் பதினொன்றையும் தேடி எடுத்துப் படிப்பார்கள். அடுத்த வண்டி நல்ல பிரேக்கோடு வரும். எத்தனை வாத்தியார்கள், எத்தனை பஸ் டிரைவர்கள் அதை நம்பி மலை இறங்குவார்கள். என் ஒருத்தனுடைய துக்கத்தை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சந்தை. புதன்கிழமை. பாய் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். கார் வேப்பமரத்தடியில் நின்றது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் சதுரத் தலை வைத்த சின்ன ஆணி ஒன்று இருக்கும். அதைத் திருகினால் பிரேக் கட்டை பறையை நெருங்கும். ஏறும்போது கொஞ்சம் இறுக்கலாம், இறங்குவதற்கு முன்னால் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் உரசி உரசிச் சீக்கிரம் சூடேறிவிடும். இது புத்தகத்தில் இல்லை, நாங்களே கண்டுபிடித்தது. தளர்த்துவது என் வேலை. அன்றைக்கு இறுக்கினேன். அவ்வளவுதான். ஒன்றையும் வெட்டவில்லை, உடைக்கவில்லை. அந்தக் காரில் இல்லாத குறை எதையும் நான் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்ததைக் கொஞ்சம் முன்னால் வரவழைத்தேன்.

ஐம்பத்திரண்டாவது வளைவு வரைக்கும் அவரோடு போனேன். அங்கே சாக்கடை அடைத்திருக்கிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று சொல்லி இறங்கினேன். அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நேரம் ஆரு பாக்கறது?"

"இன்னைக்கு வேண்டாமுங்க பாய்."

"அதுவுஞ் செரிதான். இன்னைக்கு மெதுவாவே போறேன்."

மெதுவாகப் போவது என்றால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போவது. வேகமாக இறங்குவதைவிட அது கெடுதல். எனக்குத் தெரியும். அவர் கிளம்பும்போது கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பது வழக்கம். நான் சாக்கடையில் நின்றபடி எண்ணினேன். காற்று கீழேயிருந்து அடித்ததால் நன்றாகக் கேட்டது. ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது. நடுவில் அவர் வண்டியை நிறுத்தி ஆற வைப்பாரோ என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. வழக்கமாக அதை ஞாபகப்படுத்துவது நான்தான். முப்பத்துமூன்றுக்கு ஹாரன் கேட்டது. முப்பத்திரண்டுக்குக் கேட்கவில்லை. நான் மண்வெட்டியைக் கழுவினேன். கழுவிய பிறகு இறங்கி ஓடினேன். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவனும் நான்தான். அதை நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

பன்னிரண்டாம் நாள் முப்பத்திரண்டாவது வளைவுக்குச் சுவர் வந்துவிட்டது. என் எல்லைக்குள் இருக்கிற வளைவு என்பதால் நானும்தான் கல் வைத்தேன். எங்கள் ஆட்கள் அந்த வளைவில் இப்போது பழைய பேச்சைப் பேசுவதில்லை.

செம்மேட்டில் மனு எழுதுகிறவரிடம் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வைத்தேன். உங்கள் பிரேக்கால் உங்களுக்கு எழுதியவர் போய்விட்டார், இனியாவது மாற்றுங்கள் என்று. பத்திரிகை அட்டையில் இருந்த விலாசத்துக்குப் போட்டேன்.

நேற்று நாற்பதாம் நாள் பாத்திஹா. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். ஓதி முடித்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்ட பிறகு பாயின் சம்சாரம் தில்ஷாத் பேகம் கதவோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். சேலத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். கையில் ஒரு கடிதம் இருந்தது. என் கடிதத்துக்குப் பதில் என்று நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் வராதே என்றும் நினைத்தேன்.

"மாதண்ணா, கம்பெனியில இருந்து அவருக்குப் பதில் வந்திருக்குதுங்க. நீங்கதான் கேக்கோணும். அவரு இருந்தா மொதல்ல உங்களுக்குத்தான் படிச்சுக் காட்டியிருப்பாரு."

படித்துத் தமிழில் சொன்னார். கப்பலில் வந்த கடிதம். அவர் சாவதற்கு ஐந்து வாரத்துக்கு முந்தின தேதி. உங்கள் கடிதங்கள் அத்தனையும் கிடைத்தன, இவ்வளவு நுணுக்கமாக எங்களுக்கு யாரும் எழுதியதில்லை என்று இருந்தது. பிரேக்கைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அடுத்த வண்டியில் முன் சக்கரங்களுக்குப் புது மாதிரி பிரேக் வைக்கப் போன வருஷமே முடிவு செய்துவிட்டோம் என்று இருந்தது. கடைசியில், அந்த வண்டியை உங்கள் நாட்டுக்கு அனுப்பும் உத்தேசம் இல்லை என்பதைத் தெரிவிக்க வருந்துகிறோம் என்று இருந்தது.

தில்ஷாத் பேகம் அந்தக் கடிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு இதுல ஒண்ணும் புரியாது என்றார். இதோ இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, அடுத்த வண்டிக்கு நல்ல பிரேக் வந்தது. அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. என் கணக்கு ரோட்டுக்குப் பொருந்தியது, அங்கே பொருந்தவில்லை. அங்கே ஒருத்தன் உட்கார்ந்து கடிதத்தைப் படித்திருக்கிறான். அப்படியும் ஆட்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். நான் செய்ததற்குக் காரணம் அந்தப் பிரேக் ஒன்றுதான், வேறு ஒன்றும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. தில்ஷாத் பேகம் அப்போதே கொடுத்த வாக்குமூலத்தைப் புரட்டுகிறீர்கள். காரை ஈரோட்டுக்காரர் ஒருத்தருக்கு விற்றாகிவிட்டது, வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுத்துப்போக இருந்தார் என்று அதில் இருக்கிறது. அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

தெரியும். அதற்கு முந்தின சந்தையன்றே பாய் என்னிடம் சொன்னார். இறங்குகிற வழியில் காரை ஆற வைக்க நிறுத்தியிருந்தோம். அவர் காரின் மூக்கில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்.

"வித்துப்போட்டேன் மாதா."

புதுசு வந்த பிறகுதானே இதை விடுவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அது வராதுடா. வெளிநாட்டு வண்டி எறக்கறதையே மூடிப்போட்டாங்க. மெட்ராஸ்ல பூட்டறாங்கன்னு நாஞ் சொன்னதெல்லாம் நானா சொன்னதுதான். நாம ரெண்டு பேரும் சும்மா பேசிக்கிட்டிருந்தோம், அவ்வளவுதான்." சக்கரத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். "ஈரோட்டுக்காரரு மலைக்கே வந்து எடுத்துக்கறாராம். எறக்கத்துல ஓட்டிப் பாக்கோணுமாம். சந்தைக்கு இனி லாரியோட ஆளு வருவான். நீ ஊட்டுப் பக்கம் வந்து போயிட்டு இரு."

சரிங்க பாய் என்றேன். கோவமா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் இல்லை. அவர் ஆசையை விட்டுவிட்டார் என்பதற்காக அடுத்த வண்டி குறையோடு வர வேண்டுமா என்ன? ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே. அந்தக் காரில் கடைசி தடவை மலை இறங்குகிறோம் என்றுதான் அன்றைக்கு அவர் மெதுவாகப் போனார் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்பது புரிகிறது. ஈரோட்டுக்காரரும் பெரிய ஆள்தானே. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வண்டிக்குச் சொந்தக்காரர் அவர்தானே. அதே காரில் அதே வளைவில்தானே அவரும் இறங்கியிருப்பார். அவர் விழுந்திருந்தாலும் கம்பெனிக்கு அதே செய்திதானே போயிருக்கும். இரண்டு நாள் பொறுத்திருந்தால் நீ சொல்கிற காரியமும் ஆகியிருக்கும், நசீர் அகமதுவும் வீட்டில் இருந்திருப்பாரே என்கிறீர்கள்.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ஈரோட்டுக்காரர் வந்திருந்தால், ஆணியைத் தளர்த்தி, காரைத் துடைத்து, நானே சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நீங்கள் சொன்ன அந்த வழி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, ஐயா.